மின்சாரம் வந்ததை மின்சாரமே சொல்லட்டும்

ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், முண்டா மொழிகளுள் ஒன்றான குதோப் மொழியைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் காலை, நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி தாமாகவே ஒரு கதையைத் தொடங்கினார். பத்தாவது நிமிடத்தில் ஒலிப்பதிவுக் கருவி அணைந்துவிட்டது. முந்தைய மாலை போன மின்சாரம் நள்ளிரவுக்குப் பின் வந்து, விடியுமுன் மீண்டும் போயிருந்தது. நான் உறங்கிக்கொண்டிருந்தேன்.

சார்ஜரைச் செருகியே வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மின்சாரம் திரும்பும் கணத்தில் மின்னழுத்தம் எகிறி, ஒரு சார்ஜர் ஏற்கெனவே கருகியிருந்தது. அதனால் மின்சாரம் போனதும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன்.

மறுநாள் பாட்டி அக்கதையை மீண்டும் சொன்னார். ஆனால் அது அதே கதையன்று. முதல்முறை பாத்திரங்கள் தம் வாயாலேயே பேசின. இம்முறை அவை பேசியதைப் பாட்டி சுருக்கிச் சொன்னார். என் ஆய்வுப்பொருளோ நேர்கூற்று.

பல்கலைக்கழகம் திரும்பியதும் ஓர் எச்சரிக்கை மணி செய்தேன். பழைய கைபேசிச் சார்ஜர் ஒன்று. அதன் கம்பி நுனியை வெட்டி, சிவப்பு, கறுப்பு இழைகளை மட்டும் எடுத்து ஒரு 5 வோல்ட் பஸ்ஸரின் நேர், எதிர் முனைகளில் பற்றவைத்தேன். இடையில், ஓசையை நிறுத்த ஒரு சுவிட்ச். பஸ்ஸர், அலைவுச் சுற்றைத் தன்னுள்ளேயே கொண்ட வகையாக இருக்க வேண்டும். இல்லையெனில் ஒரு 'டிக்' ஒலி மட்டுமே எழும். 230 வோல்ட் பக்கத்தை நான் திறக்கவேயில்லை. இதற்கு பேட்டரியும் தேவையில்லை: வருகிற மின்சாரமே தன் வரவை அறிவிக்கிறது. நெருப்பைப் புகை காட்டுவதுபோல, காரணத்தால் பிணைந்த குறியைப் பர்ஸ் தனி வகையாகப் பிரித்ததை வகுப்பில் படித்திருந்தேன். அதைக் கையால் செய்தது அன்றுதான்.

இரண்டாம் பயணத்தில், ஓரிரவு அது அலறியது. வீடே விழித்துக்கொண்டது. சில நிமிடங்கள் பொறுத்து, மின்னழுத்தம் நிலைப்பட்டபின் கருவியைச் செருகினேன். பாட்டி என்னை நன்றாகத் திட்டிவிட்டு, மருமகளின் கைபேசியையும் செருகச் சொன்னார். அந்த வசவு முழுவதும் அருமையான நேர்கூற்று. பதிவு செய்யத்தான் வழியில்லை. கருவி சார்ஜில் இருந்தது.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒலியெழுத்து கற்பிக்கிறோம், வினாநிரல் அமைக்கக் கற்பிக்கிறோம். பற்றவைப்பதற்கும் ஒரு பிற்பகலை ஒதுக்கலாம். தரவு தொலைவது மொழியறிவுக் குறையால் மட்டுமன்று. அந்தக் கதையின் முதல் பத்து நிமிடங்கள் என்னிடம் உள்ளன. மீதியை இன்னொருவர் கேட்கும்படி சொல்ல என்னால் இயலாது.