மொழி தெரியாத இருட்டில்

பெர்லினில் நர்ஸாக இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, முதல் வாரமே சினிமாவுக்குக் கூட்டிப்போனாள். ஹாலிவுட் படம்தானே, கொஞ்சமாவது புரியும் என்று உட்கார்ந்தேன். திரையில் அத்தனை பேரும் ஜெர்மன் பேசினார்கள். அந்த நாட்டில் வெளிநாட்டுப் படங்களைப் பெரும்பாலும் ஜெர்மன் குரல் கொடுத்துத்தான் ஓட்டுகிறார்கள். மூலக் குரலோடு, கீழே ஜெர்மன் எழுத்து ஓடும் காட்சி என்றால் விளம்பரத்தில் 'ஓ.எம்.யு.' என்று போட்டிருக்கும். அடுத்த தடவை அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்தோம். ஈரான் இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1987இல் எடுத்த 'நண்பனின் வீடு எங்கே?'. பேச்சு பாரசீகம், எழுத்து ஜெர்மன். எனக்கு இரண்டும் தெரியாது.

வேற்று மொழிப் படத்துக்கு முன்னால் உட்காருவது நாஞ்சில் நாட்டுக்காரனுக்குப் புதிதில்லை. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள். மலையாளப் படம் 'செம்மீன்' வந்தபோது நான் சின்னப் பையன். பாட்டிக்கு மலையாளம் தெரியும், அழுதாள். எனக்கு வசனம் பிடிபடவில்லை. நாயகி கறுத்தம்மாவின் முகத்தைப் பார்த்தே நானும் அழுதேன்.

ஈரான் படத்தில் நடப்பது சின்ன விஷயம். பக்கத்தில் இருப்பவனின் நோட்டை ஒரு பையன் தவறுதலாக வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறான். நாளைக்கும் வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதி வராவிட்டால் அந்த நண்பனுக்குப் பள்ளிக்கூடமே போய்விடும். அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவள் துணி துவைத்துக்கொண்டே வேறு வேலை ஏவுகிறாள். கடைசியில் நோட்டை எடுத்துக்கொண்டு, வளைந்து வளைந்து ஏறும் குன்றுப் பாதையில் அடுத்த ஊருக்கு ஓடுகிறான். இவ்வளவும் எனக்குப் புரிந்தது. பேச்சு புரியாததால் பையனின் கண்ணை விட்டு என் கண் நகரவே இல்லை.

வழியில் பையனின் தாத்தா அவனை நிறுத்தி சிகரெட் எடுத்துவர அனுப்புகிறார். அவரிடமே சிகரெட் இருந்ததாம். சொன்ன சொல் கேட்கப் பழகட்டும் என்றுதான் அனுப்பினாராம். இதை மகள் வெளியே வந்தபிறகு சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மடியில் வெற்றிலை இருக்கும்போதே இவள் அண்ணனை முறுக்கான் வாங்கிவரக் கடைக்கு விரட்டியவன் நான். அவன் அப்போது என்னிடம் என்ன சொல்ல வந்தான் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஜே.சி. டேனியல் நினைவுக்கு வந்தார். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்தவர், 1975இல் எங்கள் அகஸ்தீஸ்வரத்தில் மறைந்தவர். அது மௌனப்படம், பேச்சே கிடையாது. ஆனாலும் திருவனந்தபுரத்தில் அதைப் பார்க்க வந்தவர்கள், நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி ஒரு தலித் பெண் என்பதை மட்டுமே பார்த்தார்கள். திரைமேல் கல்லெறிந்தார்கள். ரோசியின் குடிசையையும் எரித்ததாகச் சொல்வார்கள். ஊரைவிட்டே போன ரோசி, பிறகு நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தாராம். நான் படித்து, படம் பார்த்து வளர்ந்த அதே ஊர். ஒரு வார்த்தைகூடப் பேசாத படத்தை, சொந்த ஊர்க்காரர்களால் அந்த முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. இதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

காலையில் பேரன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது "பாட்டா" என்று ஓடி வந்தான். அவசரத்தில் அவனுக்கு ஜெர்மன்தான் வரும். "தமிழ்ல சொல்லு மக்களே" என்று எப்போதும் மறித்துவிடுவேன். அன்று மறிக்கவில்லை. கையை விரித்தான், எதையோ தேடுவதுபோல் குனிந்தான், பையைக் கவிழ்த்துக் காட்டினான். உதடு துடித்தது.

நான் தரையில் முட்டி போட்டு, கட்டிலுக்கு அடியில் தேடினேன். நீலப் பென்சில் ஒன்று கிடந்தது.