பாட்டியும் பெய்க்லியும் நாலு பாக்கெட் இசப்கோலும்

"கசகசா வாங்கணும், கூட வர்றீங்களா?" என்று புடாபெஸ்ட்டில் ஒருவர் கூப்பிட்டால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்குக் குருமாதான் தோன்றியது.

2023 டிசம்பர். ஆபீஸ் வேலையாக ஆறு வாரம் ஹங்கேரி. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர். டான்யூப் நதி ஓரமாக ஓடும் 2-ம் நம்பர் டிராமில் ஏற்றி, அங்கிருக்கும் பெரிய மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார் ஆபீஸ் நண்பர். 1897-ல் திறந்த கட்டடம். கோயம்பேட்டைத் தூக்கி எழும்பூர் ஸ்டேஷனுக்குள் வைத்து, 'யாரும் கத்தக் கூடாது' என்று சொல்லிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மிளகாய்ச் சரங்களைத் தாண்டிப் போனால்... கசகசா! நம்மூர் மாதிரி வெள்ளை இல்லை. நீலம் கலந்த கறுப்பு. நாம் அரை ஸ்பூன் போடவே விலையைப் பார்க்கிறோம். நண்பர் அசால்ட்டாக ஒரு கிலோ வாங்கினார்.

எல்லாம் பெய்க்லிக்காக. பெய்க்லி என்பது ஹங்கேரிக்காரர்களின் கிறிஸ்துமஸ் பட்சணம். மைதா, வெண்ணெய், ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த மாவை மெல்லிசாக விரித்து, பாலில் சர்க்கரையோடு வேகவைத்த கசகசா விழுதைத் தடவி, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி அவனில் வைக்க வேண்டும். இன்னொரு சுருளில் வால்நட். கசகசா சாப்பிட்டால் பணம் சேருமாம். வால்நட் திருஷ்டி கழிக்குமாம். இரண்டும் இல்லாமல் அங்கே கிறிஸ்துமஸ் நடக்காது.

நண்பரின் அம்மா செய்யும் பெய்க்லிக்கு அந்தத் தெருவிலேயே பெயர். அந்தப் பாட்டியை வீட்டில் எல்லோரும் 'மாமா' என்று கூப்பிடுகிறார்கள். (அங்கே பாட்டிக்கு அப்படித்தான் பெயர். அப்பாவுக்கு 'அபா'. முதல் நாள் நான் ரொம்பக் குழம்பிப் போனேன்.)

பிரச்னை, ஒன்பது வயதுப் பேரன். பையனுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை - இவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. மாத்திரை கிடையாது. ஆயுள் முழுக்க குளூட்டனை ஒதுக்குவதுதான் வைத்தியம். இதைக் கண்டுபிடித்த கதை சோகமானது. வில்லெம் டிக்கே என்று ஒரு டச்சு டாக்டர். கோதுமை மேல் அவருக்கு ஏற்கெனவே சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் யுத்தத்தால் நெதர்லாந்தில் ரொட்டியே இல்லாமல் ஜனங்கள் பட்டினி கிடந்தபோது, இந்த நோய் இருந்த குழந்தைகள் மட்டும் தேறின. ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தன.

பையனுக்கு நோய் என்று தெரிந்த முதல் கிறிஸ்துமஸில் எல்லோரும் பெய்க்லி சாப்பிட, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டிக்கு மனசு கேட்கவில்லை. 'ஒரு துண்டுதானே' என்று சமையலறையில் ரகசியமாக ஊட்டிவிட்டார். மூன்று நாள் வயிற்று வலி, வாந்தி. உலகத்தில் எந்தப் பாட்டி இதைச் செய்ய மாட்டார், சொல்லுங்கள்?

அதிலிருந்து பாட்டி கையால் எது கொடுத்தாலும் பையன் கேட்கும் முதல் கேள்வி, "மாவு இருக்கா, மாமா?" ஆப்பிளைக் கொடுத்தால்கூட. நண்பர் சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். ஆனால் ஈஸ்டருக்குப் பாட்டி அடுப்பையே பற்றவைக்கவில்லையாம்.

இந்த வருஷம் ஒரு முடிவோடு இறங்கியிருந்தார். புதுப் பலகை, புது உருட்டுக்கட்டை, புது பிரஷ். அலமாரியில் இருந்த மைதா பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே 'குளூட்டன் இல்லாதது' என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு சிட்டிகை மாவு பறந்தாலும் போச்சு. உள்ளே வைக்கும் பூரணத்திலும் ஒரு கண்ணி இருந்தது: ஈரத்தை உறிஞ்சுவதற்காகக் கசகசாவோடு கோதுமை ரவை சேர்ப்பது பாட்டி வழக்கம். அதற்குப் பதில் மக்காச்சோள ரவை.

மேல் மாவுதான் சண்டித்தனம் செய்தது. அரிசி மாவும் மக்காச்சோள ஸ்டார்ச்சும் சேர்த்துப் பிசைந்தார். விரித்தால் விண்டது, சுருட்டினால் பிளந்தது. கொழுக்கட்டைக்கு மேல்மாவு சரியாக வராமல் அம்மா முணுமுணுப்பதைக் கேட்டவர்களுக்கு விஷயம் புரியும். கோதுமை மாவை இழுத்துப் பிடிப்பது குளூட்டன்தான். அதை எடுத்துவிட்டால் பிடிப்பதற்கு ஆள் இல்லை. முதல் பெய்க்லி அவனுக்குள் வெடித்து, கசகசா எரிமலைக் குழம்பு மாதிரி வழிந்தது. பாட்டி அதைத் தட்டோடு குப்பையில் கொட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மருமகள்தான் கடையிலிருந்து ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். தண்ணீரில் போட்டால் கொழகொழவென்று ஜெல்லி மாதிரி ஆகி, மாவைப் பிடித்துக்கொள்ளுமாம். மோந்து பார்த்தேன். தொட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை... நம்ம இசப்கோல்! ராத்திரி வெந்நீரில் கலந்து குடித்து, காலையில் நிம்மதியாக இருப்பதற்காக என் பெரியப்பா வைத்திருக்கும் அதே சமாசாரம். பாக்கெட்டில் 'இந்தியா' என்று போட்டிருந்தது. குஜராத்தில் விளைவது. நம் நாட்டில் இது எதற்குப் பயன்படுகிறது என்று பாட்டி கேட்டார். "உடம்புக்கு நல்லது" என்று நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் மாவை வைத்து விரித்தார்கள். பேப்பரோடு தூக்கிச் சுருட்டினார்கள். முதலில் முட்டை மஞ்சள் கருவைத் தடவிக் காயவிட்டு, அப்புறம் வெள்ளைக் கரு. வேகும்போது மேலே மார்பிள் மாதிரி கோடு விழ வேண்டும். விழுந்தது. அதில் பாதி நிஜமான விரிசல் என்பது வேறு விஷயம்.

நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். 23-ம் தேதி, "எங்க ஊர் ரசம் வைக்கிறேன், பருப்பும் புளியும்தான், கோதுமையே கிடையாது" என்று ஜம்பமாகக் களத்தில் இறங்கினேன். கமகமவென்று ரசம். பையன் ஸ்பூனை எடுத்துவிட்டான். நண்பர் சும்மா என் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தார். பொடி எழுத்தில்: கோதுமை மாவு!

ஸ்பூனைப் பிடுங்கியது யார் என்றுகூட நினைவில்லை. எனக்குக் கை நடுங்கியது. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் அந்த டப்பாவை யாரும் படித்ததில்லை. அத்தனை ரசத்தையும் சிங்க்கில் கொட்டினேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. என் தோளைத் தட்டி, "ஃபியாம்" என்றார். 'மகனே' என்று அர்த்தமாம். அப்புறம் பாத்திரத்தை வாங்கி அவரே மூன்று தடவை தேய்த்தார்.

மறுநாள் கிறிஸ்துமஸ் ஈவ். அங்கே பரிசு கொண்டு வருவது தாத்தா இல்லை, குழந்தை இயேசு. மணி அடித்தது, கதவு திறந்தது, மரம் ஜொலித்தது. மீன் சூப் முடிந்ததும் பாட்டி பெய்க்லியை நறுக்கினார். ஓரம் கொஞ்சம் உதிர்ந்தது. பையன் தட்டையே பார்த்தான்.

"மாவு இருக்கா, மாமா?"

பாட்டி எழுந்து போனார். குப்பைக்குப் போகாமல் எடுத்து வைத்திருந்த எல்லா பாக்கெட்டுகளையும் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். பையன் ஒவ்வொன்றாகத் திருப்பி, விரல் வைத்துப் படித்தான். ஐந்து நிமிஷம் யாரும் சாப்பிடவில்லை. கடைசி பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு துண்டு எடுத்தான். மென்றான்.

"கொஞ்சம் உதிருது" என்றான். அடுத்த துண்டுக்குக் கை நீட்டினான்.

பாட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மீன் சூப் காரம் என்றார்.

2024 நவம்பரில் மறுபடி அங்கே போக வேண்டி வந்தது. ஒரே ஒரு சாமான்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தார் பாட்டி. மாம்பலத்தில் ஒரு மருந்துக் கடையில் போய், "ஃப்ளேவர் எதுவும் இல்லாத இசப்கோல், நாலு பாக்கெட்" என்றேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை நாளா சார் இப்படி இருக்கு?"

"வருஷத்துக்கு ஒரு தடவைதாங்க. கிறிஸ்துமஸ் சமயத்துல" என்றேன்.