லூதியானாவின் ஜாப் ஒர்க் பட்டறைகள்

ஒரு சைக்கிள் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. பஞ்சாபின் லூதியானாவில் கில் சாலையை ஒட்டிய சந்துகளுக்குள் நடந்தபோது இதைக் கண்கூடாகப் பார்த்தேன். ஒரு பட்டறையில் மட்கார்டு, அடுத்ததில் பெடல், எதிர்வரிசையில் ஹப் கப். அரைகுறையாக முடிந்த பாகங்கள் மூட்டைமூட்டையாக முலாம் பூசும் இடத்துக்குப் போகின்றன.

இன்றைய பாகிஸ்தானிலுள்ள கமாலியாவிலிருந்து வந்த முஞ்சால் சகோதரர்கள் உதிரிபாக வியாபாரத்தில் தொடங்கி, 1956இல் ஹீரோ சைக்கிள்ஸை நிறுவினார்கள். உலகிலேயே அதிக சைக்கிள் தயாரிக்கும் நிறுவனம் என்று 1986இல் அது கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. ஆனால் இந்த ஊரின் சைக்கிள் தொழிலைத் தாங்குபவை, ஆலைகள் வெளியே கொடுக்கும் பாக வேலையை, அதாவது ஜாப் ஒர்க்கை, எடுத்துச் செய்யும் இந்தச் சந்துப் பட்டறைகள். எந்திரங்களின் முன் நிற்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள்.

நான் முதலில் நுழைந்த பட்டறையில் ஸ்போக்ஸ் கம்பி செய்தார்கள். சுருள் கம்பியை நேராக்கி, அளவாக வெட்டி, ஒரு முனையில் தலை அடித்துக் கழுத்தை வளைக்கிறார்கள். மறுமுனையில் மரை. அதை வெட்டி எடுப்பதில்லை. இரண்டு அச்சுகளுக்கு நடுவே கம்பியை உருட்டி அழுத்துகிறார்கள். இரும்பு சீவப்படாததால் அந்த இடம் வலு குறையாமல் இருக்கிறது. மிஸ்திரி ஒரு கம்பியின் மரையில் நிப்பிள் என்ற சிறு நட்டைச் சுழற்றிக் காட்டினார். பிடிக்காமலும் ஆடாமலும் ஏறியது. இந்தத் தேர்ச்சி ஒரு நாளில் வருவதல்ல.

அடுத்த கொட்டகையில் பவர் பிரஸ். கையால் தகட்டைச் செருகிக் காலால் மிதித்தால் அச்சு இறங்குகிறது. எடு, செருகு, மிதி. எண்ணிக்கைக்குத்தான் கூலி. அங்கே ஒருவருக்கு ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. "ராத்திரி ஷிப்டுல கண் அசந்துடும் சார், கால் மட்டும் மிதிச்சுக்கிட்டே இருக்கும்" என்று இந்தியில் சொன்னார். இரண்டு கைகளாலும் பொத்தானை அழுத்தினால்தான் இயங்கும் அமைப்பு இருந்திருந்தால் அந்த விரல் தப்பியிருக்கும்.

வேலையை வெளியே கொடுக்கும் ஆலை விலையை முடிவுசெய்கிறது. பாதுகாப்புச் செலவு பட்டறையின் தலையில் விழுகிறது. கட்டுப்படியாகாதபோது முதலில் கைவிடப்படுவது அதுதான். பட்டறையில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடும் கட்டாயமில்லை. ஆர்டர் கீழே இறங்கிவரும் அளவுக்குப் பொறுப்பு இறங்கிவருவதில்லை.

இதில் நமக்கும் பங்கு உண்டு. தமிழ்நாடு அரசு பிளஸ் 1 மாணவர்களுக்குத் தரும் விலையில்லா சைக்கிள்களில் லூதியானா நிறுவனங்களின் வண்டிகளும் இருந்திருக்கின்றன. இவ்வளவு மொத்தமாக வாங்கும் அரசு நிபந்தனை விதிக்க முடியும். பாகம் செய்யும் கடைசிப் பட்டறைவரை பிரஸ்ஸுக்குப் பாதுகாப்பும் தொழிலாளிக்கு விபத்துக் காப்பீடும் இருக்க வேண்டும் என்று டெண்டரில் எழுதட்டும். அதனால் வண்டியின் விலை சற்றுக் கூடினாலும் கூடட்டும். நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் சைக்கிளுக்காக எவரும் விரலை இழக்கக் கூடாது.