புகையும் பழியும்

1986-ல் நாமக்கல்லில் சொந்தமாக ஒரு பழைய லாரி வைத்திருந்தேன். லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுத்த வண்டி, சில மாதங்களில் மூன்றரைக்கு இறங்கிவிட்டது. தவணை கட்டத் தடுமாறினேன். டிரைவர் டீசலை விற்கிறாரோ என்று சந்தேகம் வந்து, நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஒரு நடை கூட வாங்க முதலாளி" என்றார். போனேன். தொப்பூர் ஏற்றத்தில் வண்டிக்குப் பின்னால் ரோடே தெரியவில்லை. அவ்வளவு கரும்புகை.

"புகையாப் போறது எரியாத டீசல்தாங்க" என்றார் மெக்கானிக். ஏர் கிளீனர் அடைத்து, காற்றுப் போகாமல் இழுவை குறைந்திருக்கிறது. அது தெரியாமல் பம்பில் டீசலைக் கூட்டி வைக்கச் சொன்னதே நான்தான்! ஒரு நாசில் வேறு, டீசலைத் தூவாமல் ஒழுகவிட்டது. கிளீனரைக் கழுவி, நாசிலை மாற்றி, பம்பைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, டைமிங், டேப்பட் எல்லாம் சரிபார்த்தார். புகை அடங்கியது, இழுவையும் மைலேஜும் திரும்பி வந்தன.

டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க" என்றார். ஆனால் அந்தத் தீபாவளியோடு வேறு வண்டிக்குப் போய்விட்டார். இன்றும் கரும்புகை கக்கும் லாரியைப் பார்த்தால் அவர் ஞாபகம்தான் வருகிறது.