முகாமுக்கு வெளியே இருப்பவர்கள்

கிங்ஸ்டவுன், செயின்ட் வின்சென்ட்
2021 மே 22

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். இந்த ஊரடங்கிலும் தெருத் தெருவாகக் காய்ச்சல் கணக்கெடுக்கப் போய்விட்டு வந்து, அந்தக் களைப்பிலும் “சாம்பல் கொட்டின ஊர்ல நீ என்னதான்டி செய்றே? சோறு போடுறீங்களா, வீடு கட்டித் தர்றீங்களா?” என்று கேட்டிருந்தாய். இரண்டும் என் வேலை இல்லை அக்கா. நீ அங்கே செய்வதைத்தான் நான் இங்கே செய்கிறேன். கதவைத் தட்டுகிறேன், உட்காரச் சொன்னால் உட்காருகிறேன், யாருக்கு என்ன வேண்டும், எது முதலில் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். போனில் இதைச் சொல்லி முடியாது. உனக்கு விடியும் நேரத்தில் எனக்கு இங்கே இரவு எட்டு மணி. அதற்குமேல் கண் சொக்கிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவின் வட முனையை அடைத்துக்கொண்டு நிற்கிறது லா சூஃப்ரியர் மலை. 1,234 மீட்டர் உயரம். போன டிசம்பர் கடைசியிலேயே உச்சிப் பள்ளத்தில் எரிமலைக்குழம்பு மெதுவாகப் பொங்கி மேடு கட்டத் தொடங்கிவிட்டது. வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் நில அதிர்வு ஆய்வு மையத்தார் ரிச்சர்ட் ராபர்ட்சன் தலைமையில் இங்கேயே தங்கி மலையைக் கவனித்து வந்தார்கள். ஏப்ரல் 8 மாலை, வடக்கே இருப்பவர்கள் எல்லாரும் உடனே கிளம்ப வேண்டும் என்று பிரதமர் ரால்ஃப் கொன்சால்வ்ஸ் அறிவித்தார். மறுநாள் காலை 8.41க்கு மலை வெடித்தது. ஏப்ரல் 22 வரை விட்டு விட்டு வெடித்துக்கொண்டே இருந்தது. கடல் தாண்டி 180 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பார்படோஸிலும் பகல் இருட்டியது.

1902 மே 7 அன்று இதே மலை வெடித்து ஏறத்தாழ 1,600 பேர் இறந்தார்கள். இந்த முறை வெடிப்பில் நேரடியாக ஒரு உயிர்கூடப் போகவில்லை. விஞ்ஞானிகள் சொன்னதை அரசு கேட்டது, அரசு சொன்னதை ஜனங்கள் கேட்டார்கள். எவ்வளவு பெரிய காரியம் இது! ஆனால் பிணம் விழாத பேரிடரை உலகம் சீக்கிரம் மறந்துவிடுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 29.2 மில்லியன் டாலர் கேட்டு ஏப்ரல் 20 அன்று வேண்டுகோள் விடுத்தது. அதற்குள்ளாகவே தொலைக்காட்சிகள் வேறு செய்திக்குப் போய்விட்டன. நாட்டின் மொத்த ஜனத்தொகையே சுமார் 1,10,000. அதில் ஏறக்குறைய 20,000 பேர் வீட்டை விட்டு வந்திருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர் அக்கா.

முகாம்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும்தான். அங்கே எங்களுக்குக் கையில் ஒரு அளவுகோல் இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிவறை, படுத்து எழ ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர் இடம். ‘ஸ்ஃபியர்’ என்கிற இந்த அளவுகளை உலகம் முழுக்க நிவாரண வேலைக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில் மூன்றரை போதாது என்பது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர்தான் முதல் அடி. இந்தத் தீவில் குடிநீர் மலை ஓடைகளிலிருந்து வருகிறது. சாம்பல் விழுந்ததும் குழாய்களை மூடிவிட்டார்கள். அக்கம்பக்கத்துத் தீவுகள் பாட்டில் பாட்டிலாக அனுப்பிக் கொடுத்தன. குடிக்க அது போதும். குளிக்க, துணி துவைக்க, கழிவறையில் ஊற்ற, அதோடு வீட்டில் அப்பிய சாம்பலைக் கழுவ? அந்தச் சாம்பல் நம் அடுப்புச் சாம்பல் மாதிரி ஊதினால் பறக்கிறது இல்லை. நுணுங்கிய பாறையும் கண்ணாடித் துகளும் சேர்ந்த பொடி. விரலில் தேய்த்தால் அறுக்கிறது. மழையில் நனைந்தால் கனத்துக் கூரையை உட்கார வைத்துவிடும், காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். “என்ன வேண்டும்?” என்று நான் கேட்டபோது ஒருவர் யோசிக்காமல் சொன்னார்: “மண்வெட்டி, தள்ளுவண்டி, மழைக்கு முந்தி கூரை ஏற ஒரு ஏணி.” பழைய துணி மூட்டை வேண்டும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு பள்ளிக்கூட முகாமில் கழிவறை எண்ணிக்கை கணக்குப்படி சரியாகவே இருந்தது. படிவத்தில் எண்ணை எழுதிவிட்டு எழுந்தேன். கரும்பலகைக்குக் கீழே மெத்தையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்து இழுத்து, மெதுவான குரலில், “சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இந்தப் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை, கவனித்தாயா?” என்றார். போய்ப் பார்த்தேன். கழிவறைகள் கட்டடத்துக்குப் பின்னால், மைதானம் தாண்டி இருந்தன. வழியில் விளக்கு இல்லை. உள்ளே ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரண்டு விளக்கும் ஒரு தாழ்ப்பாளும் போட ஒரு பகல் ஆனது. பாட்டி பேசாமல் இருந்திருந்தால் அந்த முகாம் எங்கள் தாளில் “போதுமானது” என்றே இருந்திருக்கும்.

ஆனாலும் அக்கா, முகாமில் இருப்பவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். சாப்பாடு வண்டி அங்கே போகிறது, டாக்டர் போகிறார், அமைச்சர் போகிறார். முகாம்களில் இருந்தவர்கள் சுமார் 6,000 பேர். அதைவிட அதிகமானவர்கள் தெற்கே அக்கா வீடு, சித்தி வீடு, கூட வேலை செய்தவர் வீடு என்று போய் இறங்கியிருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பயந்தும் பலர் முகாமைத் தவிர்த்தார்கள். தேசிய அவசர மேலாண்மை அமைப்பு அவர்களையும் பதிந்துகொள்ளச் சொல்லி அழைக்கிறது. சிலர் பதிகிறார்கள், சிலர் “எனக்கென்ன, கூரை இருக்கிறதே” என்று விட்டுவிடுகிறார்கள். நான் அதிகம் நடப்பது இந்த வீடுகளுக்குத்தான்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். கிங்ஸ்டவுனுக்கு மேலே சரிவில் இரண்டு படுக்கையறை வீடு. வழக்கமாக நான்கு பேர். இப்போது வடக்கே சாண்டி பே என்ற ஊரிலிருந்து வந்த உறவுகளையும் சேர்த்துப் பதினொரு பேர். வீட்டுக்கார அம்மாவின் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்களாம். 1861 ஜூன் 1 அன்று மதராஸிலிருந்து கூலிகளை ஏற்றி வந்த கப்பல் இந்தத் தீவில் நின்றது. அந்த நாளை இங்கே இன்றும் நினைவுகூர்கிறார்கள். எந்த ஊர், என்ன பேர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. நான் மதராஸ் பக்கம் என்றதும் என்னை எழுந்திருக்கவே விடவில்லை, சுட்ட கறிப்பலாவும் மீனும் தட்டில் வந்துவிட்டது. பதினொரு பேர் இருக்கிற வீட்டில் பன்னிரண்டாவது ஆளாகச் சாப்பிட எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. வேண்டாம் என்றால் அவர் மனசு நொந்துவிடும்.

அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் “ஏதாவது குறை இருக்கிறதா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? “ஒன்றும் இல்லை, ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.” வேறு என்ன சொல்ல முடியும்? சோறு போடுகிறவள் எதிரில் உட்கார்ந்து பசி என்று யார் சொல்வார்கள்? மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகள் வாய் திறக்கமாட்டாள், தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மாமியாரை உள்ளே அனுப்பிவிட்டுக் கேட்பேன் என்று நீ சொல்வாயே, அதையே நானும் செய்தேன். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவரிடம் போய் நின்று, துணியை உதறிக் கொடுத்துக்கொண்டே பேசினேன். கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு சொன்னார்: கிளம்பின அவசரத்தில் சர்க்கரை மாத்திரை ஒரு அட்டைதான் கையில் சிக்கியதாம். அதைப் பாதிப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறார். ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்தே போய்விட்டது. இந்த வீட்டில் ஏற்கெனவே செலவு மேல் செலவு, மருந்துக்கும் எப்படிக் கேட்பது என்று பேசாமல் இருக்கிறார். முகாமில் இருந்திருந்தால் நர்ஸ் வந்து பார்த்திருப்பார். கரீபியன் முழுக்க சர்க்கரையும் கொதிப்பும் நம் ஊர் மாதிரியேதான் அக்கா, வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறது. அன்று மாலையே சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒரு தேவை இருந்தது. தண்ணீர்த் தொட்டி இரண்டே நாளில் காலியாகிறது, சமையல் வாயு மாதத்துக்கு ஒன்று போதாமல் இரண்டாகிவிட்டது. ஆனால் எந்தப் பட்டியலிலும் அவர் பாதிக்கப்பட்டவர் இல்லை. அவர் வீட்டில் சாம்பல் தூசி மட்டும்தான் விழுந்தது. பாதிக்கப்பட்டவரைத் தாங்குகிறவருக்கும் கணக்கில் இடம் வேண்டும் என்று எங்கள் கூட்டங்களில் நான் சண்டையே போடுகிறேன்.

விவசாயிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடக்கே வாழை, சேம்பு, கூவைக்கிழங்கு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் நீ கஞ்சி காய்ச்சச் சொல்லும் கூவை மாவுக்கு இந்தத் தீவு பேர்போனது; ஓவியா என்ற ஊரில் அதற்கு ஆலையே இருக்கிறது. எல்லாம் சாம்பலுக்கு அடியில். ஆடு மாடுகளை விட்டுவிட்டு வந்தவர்கள், தடையை மீறி இரவோடு இரவாகப் போய்த் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார்கள். அதிகாரிகள் திட்டினார்கள். நான் திட்டமாட்டேன். பால் கறக்கிற மாட்டைக் கட்டிய கயிற்றோடு விட்டு வந்தவனுக்கு மெத்தை கொடுத்தால் தூக்கம் வந்துவிடுமா? கால்நடைக்குத் தீனியும் தண்ணீரும் பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பாடு செய்திருந்தால் அத்தனை பேர் மலைக்குத் திரும்பியிருக்கமாட்டார்கள். ஆகவே அதுவும் மனித உயிர்க் காப்புதான்.

இன்னொன்று, எந்தப் படிவத்திலும் ஏறாதது. அந்த மலைச் சரிவுகளில் பல குடும்பங்கள் கஞ்சாவும் பயிரிட்டுப் பிழைத்தவை. 2018இல் மருத்துவத்துக்கான பயிருக்குச் சட்டம் வழிவிட்டது. எல்லாரும் உரிமம் வாங்கிவிட்டார்களா என்ன? “என்ன பயிர் போச்சு?” என்றால் “கொஞ்சம் சேம்பு” என்கிறார் ஒருவர். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது கொஞ்சம் சேம்பு இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பயிர்வாரியாக இழப்பீடு என்று வைத்தால் இவர் கையில் ஒன்றும் வராது. குடும்பத்தில் எத்தனை பேர், இப்போது வருமானம் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்துப் பணமாகக் கொடுத்தால் யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்காது. நான் எழுதி அனுப்பிய பரிந்துரைகளில் முதலாவது இதுதான்.

கேட்பதே சில சமயம் பாரமாகிவிடுகிறது. ஒரு வீட்டுக்கு மூன்று அமைப்புகளிலிருந்து வந்து ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெரியவர் என்னிடம், “நீங்கள் எழுதிக்கொண்டு போகிறீர்கள், சரி. எங்கே போகிறது அது?” என்றார். கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எங்கே போகும், யார் படிப்பார்கள், எது நடக்கும், எது நடக்காது என்று இருந்தது இருந்தபடி சொன்னேன். வீடு கட்டித் தருவோம் என்று சொல்லவில்லை. அமைப்புகள் தங்கள் பட்டியலை ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்ள வேண்டும், ஒரு குடும்பத்தை ஒரு முறைதான் கேட்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வேதனையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது கொடுமை.

மே முதல் வாரத்தில் எரிமலை எச்சரிக்கையைச் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு இறக்கினார்கள். சிலர் ஊர் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். ஏப்ரலில் எழுதிய தேவைப் பட்டியல் இப்போது செல்லாது. அப்போது மெத்தை, முகக்கவசம், பாட்டில் தண்ணீர். இப்போது கூரைத் தகடு, ஆணி, விதை, பள்ளிக்கூடம். முகாம் நடக்கும் பள்ளியில் வகுப்பு எப்படி நடக்கும்? ஜூன் 1 முதல் சூறாவளிக் காலம் வேறு. பெருமழை பெய்தால் மலையில் குவிந்த சாம்பல் சேற்று வெள்ளமாக இறங்கும். கிழக்குக் கரையில் ரபாக்கா என்று ஒரு வறண்ட ஆறு இருக்கிறது. அது பொங்கினால் அதற்கு வடக்கே சாண்டி பே, ஓவியா, ஃபேன்சி மூன்றும் துண்டாகிவிடும். அதற்குள் அங்கே யார் யார் திரும்பியிருக்கிறார்கள், நடக்க முடியாதவர்கள் எந்த வீட்டில் என்று எழுதி முடிக்க வேண்டும். மழை இல்லாவிட்டால் நாளைக் காலை அங்கேதான் போகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் அக்கா. காய்ச்சலை மறைக்கிற வீட்டில் நீ எப்படிப் பேச்சைத் தொடங்குகிறாய்? எதை முதலில் கேட்பாய், எதைக் கடைசியில் கேட்பாய்? என்னோடு வருகிற உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இருபது வருடமாக வீடு வீடாக நடக்கிறவள் நீ. எந்தக் கையேட்டிலும் அது இல்லை.

அம்மாவுக்கு இரண்டாவது ஊசியைத் தள்ளிப் போட்டுவிட்டார்களாமே, தேதி தெரிந்ததும் எழுது. நீ இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், சொல்லிவிட்டேன். மத்தியானம் சாப்பிடாமல் சுற்றாதே.

பாசமுடன்,
உன் தங்கை