பத்தடி வீடு

படகு வாங்கும் ஆசை எனக்கு வாடகையிலிருந்துதான் வந்தது. லண்டனில் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குச் சம்பளத்தில் பாதி போய்க்கொண்டிருந்தது. அலுவலக நண்பர் ஒருவர் நேரோபோட் எனப்படும் ஒடுங்கிய கால்வாய்ப் படகில் குடியிருந்தார். உள்ளே கணகணவென்று எரியும் அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே வாத்து என்று படம் காட்டுவார். நிரந்தர நிறுத்துமிடம் இல்லாத படகுகள் பொதுவாக 14 நாட்களுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். அவர் அப்படித்தான் நகர்ந்துகொண்டிருந்தார்.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊரு. நல்லாத்தானே இருக்கும்?" என்றேன் வீட்டில்.

"ஏங்க, பாப்பா எந்த ஸ்கூலுக்குப் போவா?" என்றாள் மனைவி.

பதில் சொல்லவில்லை. நேரில் பார்த்தால் மனம் மாறிவிடும் என்று நினைத்து, அடுத்த சனிக்கிழமை இருவரையும் நார்த்தாம்ப்டன்ஷயரில் உள்ள ஸ்டோக் புரூயர்னுக்கு அழைத்துப்போனேன். லண்டனையும் மத்திய இங்கிலாந்தையும் இணைக்கும் கிராண்ட் யூனியன் கால்வாயின் கரையில் சின்ன ஊர். அங்கே ஏழு லாக்குகள் இருக்கின்றன. கதவைச் சாத்தித் தண்ணீரை ஏற்றி இறக்கி, படகை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கொண்டுபோகும் தொட்டிகள் அவை. பக்கத்திலேயே 1805-இல் திறந்த பிளிஸ்வர்த் சுரங்கம், மூவாயிரம் கெஜத்துக்கு மேல் நீளம். உள்ளே குதிரை நடக்க வழியில்லை. ஆட்கள் பலகைமேல் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகை நகர்த்தியிருக்கிறார்கள்.

கரையில் ஒரு பழைய சரக்குப் படகு நின்றது. எழுபதடி நீளம், ஏழடிக்கும் குறைந்த அகலம். அதில் பெரும்பகுதி சரக்குக்கு. பின்கோடியில் பத்தடிக்குள் ஓர் அறை. அதுதான் வீடு. நுழைந்ததும் கரி அடுப்பு. ஒரு பலகையை இறக்கினால் மேஜை, இன்னொன்றை இறக்கினால் புருஷன் பெண்டாட்டி படுக்கும் கட்டில். பக்கத்துப் பெஞ்சில் பிள்ளைகள். கதவிலும் தண்ணீர்க் கேனிலும் ரோஜாப்பூக்கள், கோட்டைகள். பித்தளைக் குமிழ்கள், கையால் பின்னிய லேஸ், ஓரத்துத் துளைகளில் ரிப்பன் கோத்து மாட்டிய பீங்கான் தட்டுகள்.

"பொம்மை வீடுப்பா!" என்றாள் பாப்பா.

அங்கே தன்னார்வலராக நின்றிருந்த பெரியவர் சிரித்தார். "நான் இந்த மாதிரி ஒண்ணுலதான் பொறந்தேன். அஞ்சு பிள்ளைங்க" என்றார்.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. 1761-இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயில் வோர்ஸ்லியின் நிலக்கரி மான்செஸ்டர் நோக்கிப் புறப்பட்டது. அடுத்த எழுபது வருடம் கால்வாய்களின் காலம். ஒற்றைக் குதிரை 25 டன் சரக்கை இழுத்தது. படகுக்காரர்களில் பலருக்குக் கரையில் வீடு இருந்தது. பிறகு ரயில் வந்தது. கூலி குறைந்தது. வீட்டு வாடகையை மிச்சம் பிடிக்க, குடும்பம் படகில் ஏறியது. கூலிக்கு ஆள் வைக்க முடியாத இடத்தில் மனைவி சுக்கான் பிடித்தாள், பிள்ளைகள் குதிரையை ஓட்டினார்கள். நான் சுதந்திரம் என்று நினைத்த வாழ்க்கை, வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு மிஞ்சிய வாழ்க்கை.

சிறுவயதில் செங்கல் சூளையில் வேலை செய்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இந்தக் குடும்பங்களுக்காகக் குரல் கொடுத்தார். 1877-இலும் 1884-இலும் சட்டங்கள் வந்தன. படகைக் குடியிருப்பாகப் பதிய வேண்டும், அளவுக்கு மேல் ஆட்கள் தங்கக் கூடாது, பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். ஆனால் சரக்கை இறக்கியதும் கிளம்பிவிடும் படகின் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும்?

"ஒரு ஊர்ல ஒரு நாள், ரெண்டு நாள்" என்றார் பெரியவர். "பேரைக் கேப்பாங்க. கடைசி பெஞ்சுல உக்கார வச்சுப் படம் வரையச் சொல்வாங்க. எங்கம்மாவுக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனா எதிர்ல வர்ற படகு யாரோடதுன்னு பெயின்ட்டைப் பாத்தே சொல்லிடுவாங்க."

"நீங்க எப்போ படிக்கக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"படகை விட்டு எறங்குனப்புறம். பதினாறு வயசுல."

கடைசி பெஞ்சு என்றதும் எனக்கு என்னவோ செய்தது. என் அப்பா ரோடு போடும் கான்ட்ராக்டரிடம் மேஸ்திரி. ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் நான் ஆறு பள்ளி மாறினேன். விருதுநகர் பக்கம், சிவகங்கை பக்கம், ரோடு போகிற பக்கமெல்லாம். தார் டிரம்மைப் பிரித்து அடித்த தகரத்தில்தான் வீடு. எங்கே போனாலும் முதல் காரியமாக அம்மா வாசலைக் கூட்டி, தெளித்து, கோலம் போடுவாள்.

"பத்து நாள்ல கெளம்பப் போறோம், எதுக்கும்மா கோலம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பத்து நாளானாலும் வீடு வீடுதானேடா" என்றாள்.

அந்த ரோஜாக்களைத் திரும்பப் பார்த்தேன். ஊர் ஊராகச் சுற்றுவதன் சந்தோஷத்தில் வரைந்தவை என்று அதுவரை நினைத்திருந்தேன். இதுவும் வீடுதான் என்று பார்க்கிறவனுக்குச் சொல்வதற்காக இருந்தவை என்று இப்போது தோன்றுகிறது. ஆறு பள்ளிகளையும் மறந்துவிட்டு, அதையே என் மகளுக்குச் சாகசம் என்று கொடுக்கப் பார்த்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து, படகுகள் பனிக்குள் சிக்கின. லாரிக்குப் போன சரக்கு திரும்பவில்லை. 1963-இல் அரசு வாரியமும் தன் படகுகளில் சரக்கு ஏற்றுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அதே வருடம்தான் ஸ்டோக் புரூயர்னில் இந்த அருங்காட்சியகம் திறந்தது.

இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் படகில் வாழ்கிறார்கள். பிள்ளையை சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதைதான். என்னால் முடியாது, அவ்வளவுதான்.

வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். பாப்பா இப்போது இரண்டாம் வகுப்பு. அதே பள்ளி.