சிவிங்கியின் பசி

மதுரைச் சிம்மக்கல்லில் பிறந்த பிள்ளைக்கு முதன்முதலில் அறிமுகமாகும் சிங்கம் கல்லால் ஆனது. எங்கள் வட்டாரத்துக்கே பெயர் தந்த அந்தச் சிங்கத்தைத் தாண்டித்தான் நான் நாள்தோறும் ஓதப் போவேன். ஆற்றை நோக்கிச் சிறிது நடந்தால் யானைக்கல். கூப்பிடு தொலைவுக்குள் சிங்கத்தின் பெயரால் ஓர் இடமும் யானையின் பெயரால் ஓர் இடமும் இருக்க, இவை உயிரோடு எங்கே உலவுகின்றன என்று ஒரு பிள்ளை கேட்பது இயல்புதானே? கேட்டேன். "யானை தேக்கடியிலே இருக்கு. சிங்கம் ஆப்பிரிக்காவிலே இருக்கு. நீ முதல்லே அம்ம ஜுஸ்வை முடி" என்றார்கள் அத்தா. குஜராத்தின் கீர் காட்டிலும் சிங்கம் உண்டு என்பதை அத்தாவும் அறியார்கள், நானும் அறியேன். ஆகவே, ஆப்பிரிக்கா என்ற சொல் அன்றே என் நெஞ்சில் குடியேறிவிட்டது.

படம் பிடிக்கும் ஆசையை ஊட்டியவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். முதுமலைக் காட்டில் கால்நடையாகவும் யானை முதுகில் அமர்ந்தும் அலைந்து அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை நூலகத்தில் ஆங்கில இதழ்களைப் புரட்டும்போது கண்டேன். அவர் பயன்படுத்திய கேமராவும் கடையில் வாங்கியதன்று. வெவ்வேறு உறுப்புகளைத் தாமே பொருத்தி அமைத்துக்கொண்டது. அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். அவர் எடுத்த யானைப் படத்தைப் பார்த்தால், யானை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். படம் எடுத்தவர் அங்கே இருந்தார் என்பதே தோன்றாது. அது எவ்வளவு பெரிய காரியம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அத்தாவுக்கோ உருவப்படம் என்றாலே ஒவ்வாது. எங்கள் வீட்டுச் சுவரில் மக்கா, மதீனாப் படங்களைத் தவிர வேறு எதுவும் தொங்கியதில்லை. நான் ஓரளவு படித்த பிறகு, எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முத்தீஇ அவர்கள், புகைப்படம் என்பது புதிதாக ஓர் உருவைப் படைப்பதன்று, இருக்கின்ற நிழலை நிறுத்தி வைப்பதே என்று வாதிட்டு, அது ஆகும் என நூல் எழுதியிருப்பதை அத்தாவிடம் எடுத்துச் சொன்னேன். பாதுஷா ஜஹாங்கீரின் ஓவியர் உஸ்தாத் மன்சூர் 1621-இல் ஒரு வரிக்குதிரையைத் தீட்டினார் என்பதையும், அபிசீனியாவிலிருந்து வந்த அந்த விலங்கின் கோடுகள் யாரேனும் பூசிய சாயமோ என்று அரசவையே ஐயுற்றுச் சோதித்துப் பார்த்தது என்பதையும் சொன்னேன். வரிக்குதிரைக் கதைக்கு அத்தா சிரித்தார்கள். மற்றதற்கு, "ஆலிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிற விஷயம். நீ எடுத்துக்க, ஆனா தொழுகிற இடத்திலே மாட்டாதே" என்றார்கள். அதற்கு மேல் நானும் வாதாடவில்லை.

ஃபிலிம் சுருளில் முப்பத்தாறு படங்கள். அதைக் கழுவி அச்சிடும் செலவு வேறு. தேக்கடி ஏரியில் படகிலிருந்து நான் எடுத்த யானைகள் எல்லாம் கரையில் கிடக்கும் கருங்கல்லைப் போலவே விழுந்தன. முல்லைப் பெரியாற்று அணை 1895-இல் எழுந்ததால் உண்டான அந்த ஏரியின் நீர்தான் மலையைக் குடைந்து கீழிறங்கி வைகையில் கலக்கிறது. "நம்ம குடிக்கிற தண்ணியைத்தானே அந்த யானையும் குடிக்குது, அதுக்கு ஏன் இத்தனை செலவு?" என்று என் மனைவி கேட்டதுண்டு. கடை, பிள்ளைகள், கலியாணங்கள் என்று ஆண்டுகள் ஓடின. இளைய மகன் வேலை நிமித்தம் நைரோபியில் குடியேறியதால் அன்றோ, 2019 ஆகஸ்டில் கென்யாவின் மசாய் மாரா எனக்கு வாய்த்தது!

'சஃபாரி' என்ற சொல்லை நம்மில் பலர் ஆங்கிலம் என்றே எண்ணுகிறோம். அது சுவாஹிலிச் சொல். பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்னும் அரபிச் சொல்லின் வழி வந்தது. கடல் கடந்து வணிகத்துக்குப் போனவரைக் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் 'சபுராளி' என்பார்களே, அதே வேர்தான். எங்கள் வண்டியை ஓட்டியவர் மொம்பாசாவைச் சேர்ந்த முஸ்லிம். அவருடைய பேச்சில் செய்திக்கு 'ஹபாரி', நண்பருக்கு 'ரஃபீகி', நேரத்துக்கு 'வகாத்தி', உலகத்துக்கு 'துனியா'. அரைமணி நேரத்தில் எனக்கு மொழி பிடிபட்டுவிட்டது போன்ற மயக்கம் ஏற்பட்டது. என்னை அவர் 'ம்ஸே' என்றழைத்தார். பெரியவரே என்று பொருளாம்.

மசாய் மாரா ஏறத்தாழ 1,510 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புல்வெளி. தெற்கே எல்லைக்கு அப்பால் தான்சானியாவின் செரங்கெட்டி தொடர்கிறது. வேலி கிடையாது. ஜூலை முதல் அக்டோபர் வரை 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்டுகளின் பெரும்பயணத்தில் ஒரு பெரும்பகுதி புல்லைத் தேடி இங்கே வந்து மாரா ஆற்றைக் கடக்கிறது. கென்யா 1977-இல் வேட்டையைத் தடை செய்துவிட்டது. துப்பாக்கியோடு வந்தவர்கள் இப்போது கேமராவோடு வருகிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். தமிழில் நாம் படம் 'எடுக்கிறோம்', படம் 'பிடிக்கிறோம்'. நம் சொற்கள் சாதுவானவை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கனமான லென்ஸைத் தாங்க, வண்டியின் விளிம்பில் ஒரு பயற்றுப் பையை வைத்து அதன்மீது கேமராவைக் கிடத்துவது வழக்கம். மனைவி பழைய கைலித் துணியில் பை தைத்துக் கொடுத்தாள். நைரோபிக் கடையில் பயறு வாங்கி நிரப்பினோம். பையைக் கண்ட ஓட்டுநர், "கடைசி நாள் இதைச் சமைத்துவிடலாம், ம்ஸே" என்றார். காட்டில் நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அனுமதித்த மரத்தடிகளில் மட்டுமே இறங்கலாம். அத்தகைய ஒரு மரத்தடியில் லுஹரையும் அஸரையும் சேர்த்துக் கஸ்ராக அவர் முன்நின்று தொழவைத்தார். எதிரே ஒட்டகச்சிவிங்கிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்தத் தொழுகையை நான் படம் எடுக்கவில்லை. இப்போது யோசித்தால் அந்தப் பயணத்தில் எனக்கு முழுமையாகக் கிடைத்த காட்சி அது ஒன்றுதான் போலும்.

இரண்டு நாட்களில் சிங்கம், யானை, காட்டெருமை எல்லாம் கண்டாயிற்று. சிவிங்கியை மட்டும் காணவில்லை. சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. சிவிங்கி மெலிந்த உடலும், கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்தாற்போன்ற கருங்கோடும் உடையது. நம் நாட்டிலும் இருந்து, 1952-இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிகளைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் விட்டது பலருக்கும் நினைவிருக்கும். மணிக்கு நூறு கிலோமீட்டரை எட்டும் வேகம் அதற்கு உண்டு. ஆனால் சில நூறு மீட்டர் ஓடினாலே மூச்சு வாங்கிப் படுத்துவிடும். சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் அஞ்சிப் பெரும்பாலும் பகலிலேயே வேட்டையாடும். ஆகையால் நம் போன்றோர் கண்ணில் படுவதும் பகலில்தான்.

மூன்றாம் நாள் காலை. ஓட்டுநரின் ஒலிபெருக்கியில் ஏதோ செய்தி வந்தது. விரைந்தோம். ஒரு கறையான் புற்றின் மீது தாய்ச் சிவிங்கி அமர்ந்திருந்தது. கீழே புல்லில் இரண்டு குட்டிகள். தொலைவில் சில தாம்சன் மான்கள். எங்களுக்கு முன்பே வந்தவற்றையும் பின்னால் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினேன், பதினேழு வண்டிகள். ஓரிடத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கலாகாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மற்றவர் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் விலக வேண்டும் என்பன அங்குள்ள விதிகள். எங்கள் ஓட்டுநர் வெகு தொலைவிலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் முன்னால் போங்கள்" என்றேன்.

"வேண்டாம், ம்ஸே. அவள் வேட்டைக்கு எழப் போகிறாள். நாம் இங்கேயே இருப்போம்."

வெயில் எங்களுக்குப் பின்னாலிருந்து விழ வேண்டுமானால் வண்டி மறுபக்கம் போகவேண்டும். நாளை ஊர் திரும்ப வேண்டும். ஐம்பது ஆண்டு ஆசை. எல்லாம் ஒரே கணத்தில் மனத்தில் ஓடின. பயண முடிவில் அவருக்குத் தருவதற்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தை அப்போதே எடுத்து, அவருடைய சட்டைப் பையில் வைத்தேன். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வண்டியைக் கிளப்பினார். சிவிங்கிக்கும் மான்களுக்கும் இடையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

வெளிச்சம் அதன் முகத்தில் பொன்னாய் விழுந்தது. சிவிங்கி தலையை நிமிர்த்தி எங்கள் பக்கம் பார்த்தது. வினாடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமரா. விரலை எடுக்கவே இல்லை. நான் நிறுத்தியபோதுதான் பின்னால் மான்களின் குளம்போசை கேட்டது. கலைந்து ஓடிவிட்டன. தாய் புற்றிலிருந்து குதித்து எங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு சிறிது தூரம் ஓடிற்று, நின்றது, புல்லில் படுத்து வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்கிற்று. குட்டிகள் அதனிடம் போய் முகர்ந்து பார்த்தன.

"நேற்றும் வேட்டை தவறிவிட்டது என்று சொன்னார்கள்" என்றார் ஓட்டுநர். குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. பயணத்தின் கடைசி நாளில் என் பணத்தைத் திருப்பித் தர முயன்றார். நான் வாங்கவில்லை. வாங்கியிருக்கலாமோ என்று இன்றும் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் அந்தப் படம் பெரும்பேர் பெற்றது. நண்பர் ஒருவர் தம் கடையின் 2020-ஆம் ஆண்டு நாட்காட்டிக்குக் கேட்டார். கொடுத்தேன். அந்த ஆண்டு ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் மாதக்கணக்கில் அந்தச் சிவிங்கியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. "என்ன கம்பீரமான பார்வை! உங்களையே பார்க்குதே!" என்று சொல்லாதவர் இல்லை. அது என்னைப் பார்க்கவில்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் கண்மணி லென்ஸுக்குச் சற்றே வலப்புறம் திரும்பியிருக்கிறது. வண்டிக்குப் பின்னால் நான் மறைத்துவிட்ட மான்களைத்தான் அது பார்க்கிறது.

அந்த ஊரடங்குக் காலத்தில் சிவிங்கிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். ஃபெம்கே புரூக்ஹாய்ஸ் என்ற ஆய்வாளர் மாராப் பகுதியில் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று கிடைத்தது. சுற்றுலா வண்டிகள் மிகக் குறைவாக வரும் இடங்களில் ஒரு தாய்ச் சிவிங்கி ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் மிகுந்த இடங்களிலோ 0.2 தான். ஐந்து தாய்களுக்கு ஒரு குட்டி என்று கொள்ளலாம். நான் ஓர் அறிவியலாளன் அல்லன். அந்த இரண்டு குட்டிகள் என்ன ஆயின என்று அறிய வழியும் இல்லை. ஆனால், பூனையைக் கட்டிப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றியும், தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு கொடுத்தவரைப் பற்றியும் மதரஸாவில் கேட்டு வளர்ந்தவன், அந்த எண்ணைப் படித்துவிட்டு எப்படி உறங்குவான்?

ஓட்டுநர்களைக் குறை சொல்வோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் பிழைப்பு நாம் கையில் வைக்கும் பணத்தில் இருக்கிறது. 2024 ஜூலை முதல் வெளிநாட்டவருக்குப் பெரும்பயணக் காலத்தில் ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 200 டாலர். இத்தனை கொடுத்து வருகிறவன் வெறுங்கையோடு திரும்ப மாட்டேன் என்கிறான். ஓட்டுநர் என்ன செய்வார்?

இதே காலத்தில்தான், திருப்பத்தூருக்கு அருகே சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக்குப் போனேன். மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். 1977-இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட கண்மாய்கள் அவை. நத்தைகொத்தி நாரைகளும் கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. கொள்ளுகுடிப்பட்டி மக்கள் அந்தப் பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக இந்த வழக்கம் நடந்துவருகிறது. வெடி இல்லாத தீபாவளி எப்படி இருக்கும் என்று அங்கே ஒரு பெரியவரைக் கேட்டேன். "பிள்ளைங்க மொதல்ல அழுவும். அப்புறம் பழகிரும்" என்றார். என் கழுத்தில் தொங்கிய லென்ஸ் அன்று வழக்கத்தைவிடக் கனத்தது.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் பஜ்ர் தொழுதுவிட்டு அவனியாபுரம் தாண்டிச் சாமநத்தம் கண்மாய்க்குப் போகிறேன். கூழைக்கடாக்களும் செங்கால் நாரைகளும் வருகின்றன. கூட்டுக்கு அருகே போவதில்லை. குஞ்சுகளை எடுத்துவிட்ட தோழர்களின் தலைக்கு மேல் ஒரு தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அக்குஞ்சுகளைத் திரும்ப வைக்கச் சொன்னதையும் அறியாதவர் நம்மில் இல்லை. கூட்டுப் படங்களை இன்று பல பறவை ஆர்வலர் குழுக்களே ஏற்பதில்லை. பறவை என்னைக் கண்டு தலையைத் தூக்கினால் பின்வாங்கிவிடுகிறேன். இதனால் படங்கள் மோசமாகத்தான் விழுகின்றன. பெரும்பாலும் முதுகுகள். பேரன் பார்த்துவிட்டு, "நன்னா, இது வாத்தா, கல்லா?" என்கிறான்.

சிவிங்கிப் படம் அலமாரியில் துணி சுற்றிக் கிடக்கிறது. கேட்பவர்களுக்கு இப்போது கொடுப்பதில்லை.

மகன் மீண்டும் அழைக்கிறான். போகலாம் என்றிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். ஆகஸ்டில் அல்ல, வண்டிகள் குறைந்திருக்கும் மழைக்காலத்தில். அந்த ஓட்டுநரையே ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறேன். அவர் வண்டியை நிறுத்தும் இடம்தான் எனக்கும் இடம் என்று இப்போதே அவருக்குச் சொல்லிவிடும்படியும் சொன்னேன். "பயற்றுப் பை தைக்கட்டுமா?" என்று மனைவி கேட்கிறாள். தைக்கச் சொன்னேன். இம்முறை கடைசி நாளில் சமைத்துவிடலாம்.